அடடா சாத்தமுதுப் பொடி

அந்த வருஷம் திருச்சி முழுக்கக் கோமளத்தின் அலமாரியைப் பற்றித்தான் பேச்சு. கோமளம் என்று ஒருத்தி கிடையாது, அவளுக்கு அலமாரியும் கிடையாது. 'கலகலா' வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டமாக வந்துகொண்டிருந்த கேலிப்படம் அது. வாரா வாரம் கோமளம் அலமாரியைத் திறந்து புதிதாக ஒரு சாமானை எடுப்பாள். ஆறாவது கட்டத்துக்குள் அந்தச் சாமான் அவள் புருஷன் வரதனை ஒரு வழி பண்ணிவிடும். ஒரு வாரம் புயல் சோப்பு வந்தது. முதல் தேய்ப்பில் அழுக்குப் போயிற்று, இரண்டாம் தேய்ப்பில் சாயம் போயிற்று, மூன்றாம் தேய்ப்பில் வேட்டியே போய், வரதன் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றான். இன்னொரு வாரம் கும்பகர்ணன் பாய். தீபாவளிக்குப் படுத்தவன் பொங்கலுக்குத்தான் எழுந்தான். கோவர்த்தனக் குடையை விரித்தால் தெருவே அதன் கீழ் ஒதுங்கியது, பிடித்திருந்த வரதன் மட்டும் நனைந்தான். படத்தின் மூலையில் வரைந்தவர் 'சுழி' என்று ஒரு சுழியைப் போட்டிருப்பார்.

இதில் இன்னும் வேடிக்கை, படத்தில் வந்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வர ஆரம்பித்ததுதான். யாரும் பத்திரிகைக்காரர்களைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. உறையூரில் ஒருவர் புயல் சோப்பு என்று பச்சையாக வார்த்து விற்றார். அது நுரைக்கவே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கும்பகர்ணன் பாய் வந்தது. கோவர்த்தனக் குடையை வாங்கியவர்கள் காவேரிப் பாலத்துக் காற்றில் அது தாமரைப்பூ மாதிரி மேல்பக்கம் மலர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருந்தும் எல்லாம் விற்றன. பத்திரிகையில் பார்த்துச் சிரித்த ஒன்றைக் கையில் பிடித்துப் பார்ப்பதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு ஆசை.

புத்தூரில் வெள்ளையம்மாள் இந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. பத்திரிகையைப் படித்துக் காட்டியவள் அவளுடைய ஓரகத்தி மட்டுவார்குழலி. காரணம் அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். முன்பாதியில் மூத்தவன் வீரமலையும் வெள்ளையம்மாளும். அவனுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. பின்பாதியில் இளையவன் ராமரும் குழலியும்; அவன் அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவன். அடுப்பு தனித்தனி. கொல்லையும் உரலும் பொது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமர் பத்திரிகையோடு சாப்பிட வருவான். அவன் கை கழுவுவதற்குள் பக்கத்து வீட்டு ஆபிதாவும் எதிர்வீட்டுப் பெண்களும் கொல்லைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குழலி ஒவ்வொரு கட்டத்தையும் குரலை மாற்றி மாற்றிப் படிப்பாள். கோமளத்துக்கு ஒரு குரல், வரதனுக்கு ஒரு குரல். வெள்ளையம்மாள் முறத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். சிரிப்பு வந்தால் தனியாவை வேகமாகப் புடைப்பாள்.

குழலி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில் கணக்குப்பிள்ளையின் மகள், பத்தாவது வரை படித்தவள். தெருவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் அவளிடம் வருவார்கள். அச்சடித்தது மாதிரி எழுதுவாள். வெள்ளையம்மாளிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. குழம்புக்கு உப்புப் போட்டால்கூட, "அக்கா, இது போதுமா பாருங்க" என்று கரண்டியோடு வந்து நிற்பாள். அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததுதான் வெள்ளையம்மாளுக்குப் பெரிய கோபம்.

வெள்ளையம்மாளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒன்றுதான், பொடி. லால்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வருஷமே வறுத்து இடிக்க ஆரம்பித்தவள். வாரம் ஒருமுறை கூடையோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவாள். உத்திர வீதியில் சில வீடுகள், மேலச் சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜன் மளிகைக்கடை. உத்திர வீதிக்காரர்கள் மடி ஆசாரம் பார்ப்பவர்கள்தான். ஆனால் செங்கமலம் மாமி அதற்கும் வழி வைத்திருந்தாள். "தண்ணி படாத பொடிக்குத் தோஷமில்லைடி" என்று சொல்லி, வாங்கிய பொடியை மொட்டை மாடியில் இன்னொரு வெயில் காட்டி உள்ளே எடுத்துக்கொள்வாள்.

பதினாலு வருஷம் விற்றும் அந்தப் பொடிக்குப் பெயர் கிடையாது. ஸ்ரீரங்கராஜன் அதைக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்திருப்பார். யார் கேட்டாலும் 'ஆத்துப் பொடி' என்று நிறுத்துக் கொடுப்பார். அதை இடித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. தை மாசம் அவர் ஒரு செய்தி சொன்னார். கடைக்குக் கண்ணாடி அலமாரி வருகிறது, பங்குனியோடு ஜாடிகளை எடுத்துவிடப் போகிறார். இனிமேல் பெயர் போட்ட பாக்கெட்டுதான். உங்கள் வீட்டுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறேன், பெயர் போட்டுக்கொண்டு வா என்றார்.

பெயர் போடுவதென்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் ராமரின் அச்சாபீஸ். ராமரைக் கேட்பது குழலியைக் கேட்பது மாதிரி. வெள்ளையம்மாள் கேட்கவில்லை. விஷயம் எப்படியோ காதில் விழுந்து குழலியே வந்தாள். ரெண்டு பேருமாகச் சேர்ந்து செய்யலாமே அக்கா, பேரை நீங்களே வையுங்கள் என்றாள். வெள்ளையம்மாளுக்கு நெஞ்சுவரை ஆசை வந்தது. வாய் வேறு சொல்லிற்று. எனக்குப் பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், வேணுமென்றால் நீ செய்துகொள் என்றாள். குழலி இன்னொரு தடவை கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு குழலி போய்விட்டாள்.

மாசிக் கடைசியில் கோமளம் அலமாரியிலிருந்து 'அடடா சாத்தமுதுப் பொடி'யை எடுத்தாள். படத்தில் இலை நிறையச் சாதம், பக்கத்தில் டப்பா, நாக்கைச் சப்புக்கொட்டும் வரதன். தெருவில் பாதிப் பேர் மதில்மேல் ஏறி 'அடடா, அடடா' என்று எட்டிப் பார்ப்பார்கள். குழலி படித்து முடித்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, புயல் சோப்பை உறையூரார் செய்யலாம், இதை நாம் செய்யக்கூடாதா என்றாள். ஆபிதா கைதட்டினாள்.

மறுநாள் கொல்லையில் வறுக்கிற வாசனை வந்தது. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, நாலு வத்தல், பெருங்காயம். முன்பாதியில் இருந்தபடியே வெள்ளையம்மாள் ஒவ்வொன்றாக மூக்கால் எண்ணினாள். எண்ணி முடித்ததும் கை நின்றுவிட்டது. குழலி வறுப்பது பருப்புப்பொடி. சாதத்தில் எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிற பொடி.

சாத்தமுது என்றால் ரசம். ஸ்ரீரங்கத்து அய்யங்கார் வீடுகளில் ரசத்துக்கு அதுதான் பெயர். புத்தூரில் யாருக்குத் தெரியும்? சாதத்துக்கு அமுது என்று பிரித்துக்கொண்டுவிட்டாள் குழலி. படமும் இலையும் சாதமுமாக இருந்ததில் சந்தேகமே வரவில்லை.

வெள்ளையம்மாளுக்கு எப்படித் தெரியும் என்றால், அதே குழியில் அவள் விழுந்திருக்கிறாள். முதல் வருஷம் செங்கமலம் மாமி சாத்தமுதுக்குப் பொடி வேண்டுமென்றாள். இவளும் பருப்புப்பொடியைக் கொண்டுபோய் நீட்டினாள். அந்த வீட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாசம்வரை அவள் தலை தெரிந்தாலே 'சாத்தமுது வந்தாச்சு' என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினாள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ரசப்பொடி இடிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சம்பாதித்த வார்த்தை அது. பத்தாவது படித்துச் சம்பாதித்ததல்ல.

ரெண்டு நாள் கழித்துக் குழலி கிண்ணத்தில் பொடியோடு வந்தாள். ஸ்ரீரங்கத்தில் பூண்டு சேர்ப்பார்களா என்று கேட்டாள். சேர்க்க மாட்டார்கள் என்று வெள்ளையம்மாள் உண்மையைச் சொன்னாள். நல்லவேளை கேட்டேன் என்று குழலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். ராமர் அடித்துக் கொண்டுவந்த லேபிள். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். அதன்மேல் விரலை வைத்து, அக்காவுக்குப் புரியட்டும் என்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"அடடா. சாத்தமுதுப். பொடி. பேரு நல்லாருக்காக்கா? இதுவே அங்க எடுபடுமா?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். குழலி அந்த வார்த்தையையும் பத்திரமாக வாங்கிக்கொண்டு போவாள். சரியான பொடியைச் செய்வாள், அதற்குச் சிவப்பில் பெயர் போடுவாள், பதினாலு வருஷத்து ஜாடி நின்ற இடத்தில் அவள் பாக்கெட் நிற்கும். வெள்ளையம்மாள் லேபிளைப் பார்த்தாள். மூன்றாவது வரை படித்தவள்தான் அவளும். மெதுவாகக் கூட்டினால் எழுத்து வரும். தமுது என்கிற இடத்தில் கொஞ்சம் தட்டி, தாண்டி வந்தாள்.

"பேரு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நாற்பது பாக்கெட்டுகளை ஸ்ரீரங்கம் கொண்டுபோனவளும் அவள்தான். எப்படியும் நீங்கள் போகிறீர்களே அக்கா என்று குழலி கூடையில் அடுக்கிவிட்டாள். ஸ்ரீரங்கராஜன் லேபிளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவரும் 'கலகலா' வாசகர். ஓரகத்தி செய்து பெயர் போட்டது என்று மட்டும் அவள் சொன்னாள். ஒன்றைப் பிரித்துக் காட்டவா என்று வெள்ளையம்மாள் கேட்கவில்லை. "நீ கொண்டு வந்தா நான் என்னத்தைப் பாக்கறது" என்று அவர் புது அலமாரியில், கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் அந்தச் சிவப்பு வரிசை அவள் கண்ணில் குத்தியது. விழப்போகிற வீடுதான் என்று தெரிந்தும், அது நின்ற நாலு நாள் அவளுக்குத் தூக்கமில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளி. அடுத்த வாரம் கூடைகூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். நடந்ததைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். செங்கமலம் மாமி கொல்லைக் கதவில் நின்றபடியே சொன்னாள். பத்துப் பேருக்குத் தளிகை. புளித்தண்ணீர் கொதிக்கும்போது நாலு கரண்டி போட்டிருக்கிறாள். பொங்குமென்று பார்த்தால் பொங்கவில்லை, பெரிதாக ஒரே ஒரு குமிழ் வந்து வெடித்ததாம்.

"கரண்டியை விட்டேன். நின்னுடுத்துடி" என்றாள் மாமி. "என் ஜன்மத்துல நிக்கற சாத்தமுதைப் பாத்ததில்லை. சம்பந்தி ஆத்துக்காரா எதிர்ல."

வெள்ளையம்மாள் உச்சுக் கொட்டினாள். உள்ளே மத்தாப்பு எரிந்தது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். கடையில் ஸ்ரீரங்கராஜன் திரும்பி வந்த பாக்கெட்டுகளை, அவள் எடுத்துப் போவதற்காகக் கடைக் கூடை ஒன்றில் போட்டு வைத்திருந்தார். மானமே போயிற்று என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உன்னைச் சொல்லி என்ன. பாவம், உனக்கு எழுத்துத் தெரியாது. அவ என்ன எழுதி ஒட்டினாளோ அதைத் தூக்கிண்டு வந்திருக்கே."

எனக்கு எழுத்துத் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மற்றதும் தெரிந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டாள். பாலத்தைத் தாண்டும்போது மடியில் இருந்த கூடையின் கனம் தெரியவில்லை. 'எழுத்துத் தெரியாது' மட்டும் கனத்தது.

விஷயத்தைக் கேட்டதும் குழலி உரல்மேல் உட்கார்ந்துவிட்டாள். சாத்தமுது என்றால் ரசமாமே அக்கா, உங்களுக்கும் தெரியாதா என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. நீங்கள்கூட ஏமாந்துவிட்டீர்களே என்று ஆதங்கப்படுகிற குரல்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வெள்ளையம்மாள். "பொடியைக் குடுத்துட்டு வாசலோட வந்துர்றவ. நமக்கெல்லாம் ரசம்தானே."

அன்று மத்தியானம் முழுக்கக் குழலி அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு வெள்ளையம்மாள் நிதானமாக, ருசித்து ரெண்டு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் கொல்லையில் ஆபிதாவிடம் குழலி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே குமிழ், நின்ற கரண்டி, சம்பந்தி வீட்டார். குரல் மாற்றி மாற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு பேரும் தோளில் தோள் சாய்ந்து சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஒருத்தியை என்ன செய்ய முடியும்? பதினாலு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்து வெள்ளையம்மாளுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் குழலி ஒரு இன்லண்டு லெட்டரை நிரப்பி, ஓரங்களிலும் எழுதி, 'கலகலா'வுக்கு அனுப்பினாள்.

சித்திரை பிறந்து ரெண்டாவது வெள்ளிக்கிழமை ராமர் வீதியிலேயே பத்திரிகையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

முதல் கட்டத்தில் கோமளம் பொடி இடிக்கிறாள். இரண்டாவதில் லேபிள் ஒட்டுகிறாள். மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நிற்கிறாள், கோமளம் டப்பாவைக் காட்டுகிறாள். "பேர் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. நான்காவதில் கொதிக்கிற பாத்திரம், ஐந்தாவதில் ஒற்றைக் குமிழ். ஆறாவதில் சாத்தமுது பாத்திரத்தை விட்டு எழுந்து கோபுரம் மாதிரி நிற்கிறது, அதன் உச்சியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வரதன் தொங்குகிறான். அடியில் பொடி எழுத்தில், 'உதவி: திருச்சி வாசகி மட்டுவார்குழலி' என்று போட்டிருந்தது.

"அக்கா, நீங்களும் வந்திருக்கீங்க பாருங்க" என்றாள் குழலி. "நீங்க சொன்னதை அப்படியே எழுதினேன். நான் மட்டும் வந்தா நல்லாருக்காதுல்ல."

வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். கொண்டை அவளுடையதில்லை, தோடும் அவளுடையதில்லை. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சற்றே மேலே போயிருந்தது. சுழி என்பவர் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலே அந்தச் சிரிப்பை எடுத்து வைத்துவிட்டார். குழலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் கண்ணுக்கு அது படவில்லை.

அந்த வார்த்தையும் ஊருக்குள் இறங்கிவிட்டது. மாம்பழக்காரன் விலை சொன்னால் ஆபிதா, "பேரு நல்லாத்தான் இருக்கு" என்பாள். பஸ்ஸில் கிழிந்த நோட்டை நீட்டியவரிடம் கண்டக்டர் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் வெள்ளையம்மாளின் காது சூடாகும். அந்த மூன்று வார்த்தையும் தன்னுடையவை, அதற்கும் பெயர் குழலிக்குத்தான் என்று ஒரு பக்கம் எரிந்தது. தன்னுடையவை என்று யாருக்கும் தெரிந்துவிடக்கூடாதே என்று இன்னொரு பக்கம் எரிந்தது.

ரெண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கராஜனே புத்தூருக்கு வந்துவிட்டார். கொல்லையில் நாற்காலி போட்டார்கள். கடையில் நிற்க முடியவில்லை, நிற்கிற பொடி இருக்கிறதா, நிற்கிற பொடி இருக்கிறதா என்று பிய்க்கிறார்கள் என்றார். திருப்பிக் கொடுத்தவர்களே வந்து கேட்கிறார்களாம். சாதத்தில் பிசைந்து சாப்பிட்டால் தேவாமிர்தமாக இருக்கிறதாம். நூறு பாக்கெட்டாவது வேண்டும், அந்தத் தட்டை அப்படியே காலியாக வைத்திருக்கிறேன் என்றார். குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளையம்மாள் தூணோரம் நின்றாள். காலியாக இருக்கிற தட்டு அவளுக்கென்று சொன்ன தட்டு.

மோர் குடித்துவிட்டு, வந்த மரியாதைக்கு அவளிடமும் ரெண்டு வார்த்தை பேசவேண்டுமென்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"எல்லாம் இவளால வந்த அதிர்ஷ்டம்" என்றார் குழலியிடம். "பதினாலு வருஷமா எனக்குச் சாத்தமுதுப் பொடி போடறவ. இவளைவிட நன்னா யாருக்கும் தெரியாது. பாவம், எழுத்து மட்டும் தெரிஞ்சிருந்தா லேபிளைப் பாத்ததும் அங்கேயே தடுத்திருப்பா. தடுத்திருந்தா இந்தக் கூத்தே இல்லை."

குழலியின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

"நான் படிச்சுக் காட்டினேனே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. குழலி வெள்ளையம்மாளைப் பார்த்தாள். வெள்ளையம்மாளுக்குத் தப்பிக்க வழி இருந்தது. காதில் சரியாக விழவில்லை என்று சொல்லலாம். மறந்துபோனேன் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் குழலி நம்புவாள், ஸ்ரீரங்கராஜன் 'பாவம்' என்பார். அந்தப் 'பாவம்'தான் தாங்கவில்லை. குழலிக்குப் பெயர் வந்தாயிற்று, தட்டு வந்தாயிற்று, சிரிப்பும் வந்தாயிற்று. தெரியாத்தனம் ஒன்றுதான் தனக்கு மிச்சமா?

"எனக்கு எழுத்துத் தெரியுங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மூணாவது வரைக்கும் படிச்சிருக்கேன். சாத்தமுதுன்னா என்னன்னும் தெரியும். இவ வறுக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் கொண்டாந்து குடுத்தேன்."

ஆபிதா வீட்டுக் கோழி ஒன்று உரலடியில் கொத்திக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கராஜன் காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். வெள்ளையம்மாள் குழலி அழுவாள் என்று காத்திருந்தாள், அல்லது திட்டுவாள் என்று. குழலி எழுந்து உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கி ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கட்டத்தைப் பார்த்தாள்.

"படம் போட்டவருக்கு விவரம் தெரிஞ்சிருக்கு" என்றாள். "நாலு வருஷமாக் கூடவே இருக்கேன். எனக்குத்தான் தெரியல."

சங்கடத்தில் முதலில் வாய் திறந்தவர் ஸ்ரீரங்கராஜன்தான். வீட்டுச் சண்டையில் தனக்கு இடமில்லை என்பதுபோல வியாபாரத்துக்கு வந்தார். நிற்கிற பொடியை வாங்குகிறவர்கள் நிஜச் சாத்தமுதுப் பொடி எங்கே என்றும் கேட்கிறார்கள், ஆகையால் ரெண்டும் வேண்டும் என்றார். "ஒண்ணு சிரிக்கறதுக்கு, ஒண்ணு சாப்பிடறதுக்கு. தட்டுல பாதி இவளுக்கு, பாதி உனக்கு." வெள்ளையம்மாளின் பொடிக்கு என்ன பெயர் போடுவது என்று அவளையே கேட்டார். பதில் சொன்னவள் குழலி. அவங்க பேரையே போட்டுவிடலாம் என்று, அக்கா என்று சொல்லாமல், யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவது மாதிரி சொன்னாள்.

அந்த வாரமே ராமர் லேபிளைக் கொண்டுவந்தான். 'வெள்ளையம்மாள் சாத்தமுதுப் பொடி' என்று போட்டிருந்தது. கீழே, எத்தனை பேருக்கு எத்தனை கரண்டி, எப்போது போடவேண்டும், எப்போது இறக்கவேண்டும் என்று நாலு வரி. எழுதிக் கொடுத்தது குழலிதான், கையால் எழுதிய தாளையும் ராமர் கூடவே வைத்திருந்தான். ஒரு பிழை கிடையாது. வெள்ளையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். தன் பெயர் ஏழெழுத்து என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள். பிறகு அடடா லேபிள் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, ரெண்டு எழுத்தின் உயரத்தையும் விரலால் அளந்தாள். சரியாகத்தான் இருந்தது. மை மட்டும் அதில் கொஞ்சம் அதிகச் சிவப்பு என்று பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரே சிவப்புதான்.

குழலி அதற்குப்பிறகும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். தண்ணீர் வந்துவிட்டது அக்கா, தபால் வந்திருக்கிறது அக்கா. அவ்வளவோடு சரி. பொடியைக் கொல்லையில் வறுப்பதை விட்டுவிட்டாள். பின்பாதி வீட்டுக்குள் அடுப்பை வைத்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வறுத்தாள்.

வைகாசியில் ஒருநாள் மூடிய கதவுக்குள்ளிருந்து புதிதாக ஒரு வாசனை வந்தது. கையில் லேபிள் கட்டோடு போய்க்கொண்டிருந்த வெள்ளையம்மாள் நின்றாள். பருப்பு இல்லை. எள் மாதிரி இருந்தது, எள்ளும் இல்லை. உள்ளே ஆபிதாவும் இருந்தாள். ரெண்டு பேரும் எதையோ ருசி பார்த்துச் சிரிப்பது கேட்டது. வெள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். கொள்ளாக இருக்குமோ. கறிவேப்பிலையை நெய்யில் வாட்டினால் இப்படி வருமோ. கதவைத் தட்டிக் கேட்டால் சொல்லிவிடுவாள், குழலிக்கு மறைக்கத் தெரியாது. தட்டுவதற்கு முகம் வரவில்லை, நகர்ந்து போகவும் கால் வரவில்லை. இன்னொரு முறை மூச்சை இழுத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.